புரோக்கர் மீதான புகார் எங்கே தோற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனையோ அடுக்குமாடி வீடோ வாங்கி ஏமாந்தவர்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகும்போது, புகாரில் பெரும்பாலும் பில்டரின் பெயர்தான் இருக்கும். பேசிப் பேசி அட்வான்ஸ் கொடுக்க வைத்த புரோக்கர் விடுபட்டிருப்பார். சேர்த்திருந்தாலும் இரண்டாம் எதிர்மனுதாரர் என்று ஒரு வரி வரும். அவர் செய்தது என்ன என்று ஒரு பத்திகூட இராது. குறிப்பான குற்றச்சாட்டு இல்லாதபோது அவர் எளிதாகக் கழன்றுகொள்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு லேஅவுட்டைக் காட்ட, மதியச் சாப்பாட்டோடு வேன் கிளம்பிவிடுகிறது. ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவரை, அதாவது புரோக்கரைத் தனியாகவே விசாரித்துத் தண்டிக்க வழி வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு.

முதலில் இந்தச் சட்டம் யாரைத் தொடும் என்று பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ வரும் திட்டம் பதிவு செய்யப்பட வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில் பில்டர் விற்பதை முடித்துக் கொடுப்பவர் முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. வாடகை வீடு பிடித்துத் தருபவரும், பழைய வீட்டைக் கைமாற்றி விடுபவரும், விவசாய நிலத்துக்குப் பேரம் பேசுபவரும் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள். அவர்கள் மீதான குறைக்கு நுகர்வோர் ஆணையமோ காவல் நிலையமோதான் இடம். இது தெரியாமல் ரெராவில் மனுப்போட்டு மாதங்களைத் தொலைப்பவர்கள் உண்டு.

'நான் ஆளை அறிமுகம் செய்ததோடு சரி' என்பது புரோக்கர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். சட்டத்தின் விளக்கத்தில் அறிமுகம் செய்பவரும் முகவர்தான். கமிஷன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கூலி கூலிதான். 'நான் பதிவே செய்யவில்லை, என் மேல் ரெரா எப்படிப் பாயும்?' என்பது இன்னொன்று. பதிவில்லாமல் விற்றதே 9-ஆம் பிரிவு மீறல் என்பதால் அபராதம் அவருக்கும் உண்டு. ரத்து செய்ய அவரிடம் பதிவு இல்லை, அவ்வளவுதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மார்க்கெட்டிங் நிறுவனத்தின் பெயரில் ஒரே ஒரு பதிவு இருக்கும். அதைக் காட்டி, சம்பளப் பட்டியலில் இல்லாத பலர் கமிஷனுக்கு ஆள் பிடிப்பார்கள். புகாரில் நிறுவனத்தையும் நேரில் பேசிய ஆளையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாக்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் 'அவர் எங்கள் ஆளே இல்லை' என்று சொல்லிவிடுவார்.

முகவர் செய்யக்கூடாதது எது என்பது 10-ஆம் பிரிவில் இருக்கிறது. பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது. கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லக் கூடாது. தரப்போகாத வசதியை விளம்பரப்படுத்த விடக் கூடாது. புக்கிங் நேரத்திலேயே, வாங்குபவருக்கு உரிமையுள்ள எல்லாத் தகவலும் ஆவணமும் கிடைக்கச் செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் வாங்குபவரின் கையில் உள்ள நல்ல ஆயுதம். புக்கிங் அன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ திட்டத்தின் ரெரா சான்று, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் ஆணை, மூலப்பத்திர நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கேட்டு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கேட்டும் தரவில்லை என்பதற்குத் தேதியோடு சாட்சி கிடைத்துவிடும். வாய்மொழியாகக் கேட்டதை யாரும் மறுக்கலாம்.

விளம்பர நோட்டீஸ்களில் 'அப்ரூவ்டு' என்ற ஒற்றைச் சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள்! டிடிசிபி எண் மனைப்பிரிவு வரைபடத்துக்கு உரியது. ரெரா திட்ட எண் விற்பனைக்கு உரியது. முகவரின் பதிவு எண் மூன்றாவது. அவர் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். முதல் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு மற்ற இரண்டையும் விழுங்கிவிடும் நோட்டீஸ் சாதாரணமாகக் கிடைக்கிறது. அந்தக் காகிதத்தைத் தூக்கி எறியாதீர்கள். புகாரின் முதல் இணைப்பாக வேண்டியது அதுதான்.

அடுத்து, டோக்கன் பணம். முகவரின் சொந்த எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பும் தொகை, வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் பில்டர் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டிய 70 சதவீதத்துக்குள் ஒருபோதும் வராது. ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்ததற்கே ஆதாரம் இல்லை. தொகை எதுவானாலும் பில்டர் பெயரிலுள்ள திட்டக் கணக்குக்குத்தான் போக வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கவும் கூடாது.

புகார் 31-ஆம் பிரிவின் கீழ் போகிறது. புகாரே வராவிட்டாலும் ஆணையம் 35-ஆம் பிரிவின் கீழ் தானாக விசாரணை தொடங்கலாம். காரணத்தை எழுதி முகவரிடம் எழுத்துபூர்வ விளக்கம் கேட்கலாம், விசாரிக்க ஆளை நியமிக்கலாம். கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லவும், ஆட்களை அழைத்துச் சாட்சியம் வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அதற்கு இருக்கிறது. இந்த அதிகாரத்தை மனுதாரர் கேட்டுப் பெற வேண்டும். 'இந்த விற்பனைக்கான கமிஷன் கணக்கைத் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும்' என்று ஒரு தனிக் கோரிக்கை இருந்தால், பில்டருக்கும் முகவருக்கும் உள்ள தொடர்பு அவர்கள் காகிதத்திலிருந்தே வெளிவரும். கணக்கே வைக்கவில்லை என்றால் அதுவும் 10-ஆம் பிரிவு மீறல்தான்.

விற்பனை இன்னும் நடந்துகொண்டிருந்தால் 36-ஆம் பிரிவை மறக்கக் கூடாது. மீறல் தொடர்கிறது என்று ஆணையம் திருப்தியடைந்தால், விசாரணை முடியும்வரை அந்தச் செயலை நிறுத்தும்படி முகவருக்கு உத்தரவிடலாம். அவசியமென்றால் முன்கூட்டி நோட்டீஸ்கூடத் தேவையில்லை. பதிவை நிறுத்திவைப்பதும் ரத்து செய்வதும் வேறு. அதற்கு 9-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவின்படி முகவரின் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் போட்ட உத்தரவு மேல்முறையீட்டில் நிற்காது. அதனால் முகவரின் முகவரி சரியாக இருப்பது மனுதாரருக்கும் முக்கியம். விளம்பர நோட்டீஸில் அச்சிட்ட முகவரிக்கு அனுப்பிய தபால் திரும்பி வந்தால் வழக்கு அங்கேயே உட்கார்ந்துவிடும். பதிவுச் சான்றில் உள்ள முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். வந்த மனுவை 60 நாளில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும் என்கிறது சட்டம்.

இனி அபராதம். 62-ஆம் பிரிவில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்சவரம்பு, அவர் விற்றுக் கொடுத்த மனை அல்லது வீட்டின் விலையில் 5 சதவீதம். 20 லட்சம் ரூபாய் மனைக்கு உச்சம் ஒரு லட்சம். பத்தே நாளில் எட்டிவிடும். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மூன்று லட்சம், முப்பது நாள். அதற்குப் பிறகு மீறல் ஒரு வருடம் தொடர்ந்தாலும் இந்தப் பிரிவின் கீழ் கூடுதலாக ஒரு ரூபாய் இல்லை. ஒரு விற்பனையை மட்டும் சொல்லும் புகார் பலவீனமாவது இதனால்தான். அதே ஆள் அதே திட்டத்தில் விற்ற மற்றவர்களும் சேர்ந்தோ தனித்தனியாகவோ மனுக்கொடுத்தால் கணக்கு வேறாகும். வீடு ஒதுக்கீடு பெற்றவர்களின் சங்கமும், பதிவுபெற்ற நுகர்வோர் அமைப்பும் புகார் தரலாம்.

இந்த அபராதம் அரசுக்குப் போகிறது. ஏமாந்தவர் கைக்கு வராது. நஷ்டஈட்டை, ஆணையம் அதற்கென நியமிக்கும் தீர்ப்பு அலுவலர் 71-ஆம் பிரிவின் கீழ் முடிவு செய்கிறார் என்றாலும், அது 12, 14, 18, 19 ஆகிய பிரிவுகளைச் சார்ந்தது. அவற்றில் நஷ்டஈடு தரும் பொறுப்பு பில்டர் தலையில்தான் விழுகிறது. முகவர் வாங்கிய கமிஷனையும் டோக்கனையும் திரும்பப் பெற வேண்டுமானால், முகவருக்கும் கட்டளையிடும் அதிகாரம் தரும் 37-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். தெரிந்தே ஏமாற்றியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் காவல்துறைப் புகாரும் கொடுக்கலாம். ரெரா வழக்கு அதற்குத் தடையல்ல.

உத்தரவை மதிக்காத முகவருக்கு 65-ஆம் பிரிவில் மீண்டும் நாள் கணக்கு அபராதம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவையும் மீறினால் ஓராண்டு வரை சிறை. மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம். பில்டர் மேல்முறையீடு செய்தால் அபராதத்தில் குறைந்தது 30 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். முகவருக்கு அந்த நிபந்தனை கிடையாது. இந்தச் சலுகைக்கு என்ன நியாயம் என்று புரியவில்லை. அபராதத்தை வசூலிப்பது நிலவரி பாக்கி வசூல் முறையில், அதாவது வருவாய்த் துறை வழியாக.

இப்போது என் கோரிக்கை. பதிவு பெற்ற முகவர்களோடு, பதிவு மறுக்கப்பட்டவர்கள், ரத்தானவர்கள் விவரத்தையும் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்கிறது 34-ஆம் பிரிவு. 'நிறுத்திவைக்கப்பட்டவர்கள்' என்ற சொல் அதில் இல்லை. ஆறு மாதம் நிறுத்திவைக்கப்பட்ட ஒருவரிடம் இன்று அட்வான்ஸ் கொடுக்கப்போகிறவருக்கு அதுதானே முதலில் தெரிய வேண்டும்? சிங்கப்பூரில் சொத்து முகவரின் கைப்பேசி எண்ணைப் பொதுப் பதிவேட்டில் தட்டினால், பதிவு உண்மையா என்று தெரிகிறது. ஒழுங்கு நடவடிக்கை இருந்தால் அதுவும் தெரிகிறது. அங்கே ஒரு முகவருக்கு ஒழுங்குக் குழு விதிக்கக்கூடிய உச்ச அபராதத்தை 2021-இல் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியாக உயர்த்தினார்கள். நம் ஆணையமும் கைப்பேசி எண்ணைக் கொண்டு தேடும் வசதியும், என்ன மீறலுக்கு என்ன நடவடிக்கை என்ற இரண்டு வரித் தமிழ்க் குறிப்பும் தந்தால் போதும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

உங்கள் நாளிதழின் விளம்பரப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். மனை விளம்பரம் வாங்கும்போது திட்ட எண்ணோடு, தொடர்புக்குத் தரப்படும் கைப்பேசி எண்ணுக்கு உரியவரின் முகவர் பதிவு எண்ணையும் கேளுங்கள். அது இல்லாத விளம்பரத்தை அச்சிடாதீர்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர், தாம்பரம்