லோவிசாள் பாட்டியும் உன் ஆயாவும்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகளுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம். பேரனுக்குச் சளி இறங்கிவிட்டதா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போன வாரம் போனில் நீ கேட்டது என் மனதைவிட்டுப் போகவில்லை. "நான் ஒரு பக்கம் கும்பிட்டு, அவர் ஒரு பக்கம் கும்பிட்டு, பிள்ளை குழம்பிப் போயிடுவானோன்னு இருக்கும்மா. இப்போதைக்கு எதுவும் சொல்லித்தராம விட்டுடலாமா? வளர்ந்த பிறகு அவனே முடிவு பண்ணிக்கட்டுமே" என்றாய். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் அழ ஆரம்பித்துவிட்டான், நீ வைத்துவிட்டாய். நிதானமாகச் சொல்லவேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன்.

அவன் முடிவு பண்ணட்டும். அதுதான் சரி. ஒருவருடைய விசுவாசத்தை இன்னொருவர் முடிவு பண்ண முடியாது, பெற்ற தாயாலும் முடியாது. ஆனால் எதையுமே பார்க்காத பிள்ளை எதை வைத்து முடிவு பண்ணும், சொல்? புனேயில் பிறந்தவன் தமிழ் பேசவேண்டும் என்று நீ அவனோடு தமிழிலேயே பேசுகிறாய். எந்த மொழி வேண்டும் என்று பெரியவனாகித் தீர்மானிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டா இருக்கிறாய்?

வேதாகமத்தில் வருகிற திமோத்தேயுவை, பவுல் அப்போஸ்தலரோடு ஊழியம் செய்த அந்த வாலிபனை, நினைத்துப் பார். தாய் விசுவாசமுள்ள யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன். அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே இருக்கிறது. உன் வீட்டைப் போன்ற வீடுதான் அது. பிற்பாடு பவுல் அவனுக்கு இரண்டாம் நிருபம் எழுதும்போது, உன்னிடம் இருக்கிற விசுவாசம் முதலில் உன் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்று பேர் சொல்லி எழுதுகிறார். சிறுவயது முதல் நீ வேத எழுத்துக்களை அறிந்தவன் என்றும் சொல்கிறார். ஒரே வீட்டில் இரண்டு வழி இருக்கிறதே என்று அந்த இரண்டு பெண்களும் பேசாமல் இருந்துவிடவில்லை. இதை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். நீ கேட்ட பிறகு வாசித்தபோது உனக்காகவே எழுதி வைத்தது போல இருந்தது.

நம் வீட்டு லோவிசாள் உன் ஆயாதான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் 23-ம் சங்கீதம் ஒரு சொல் பிசகாமல் வரும், அவருடைய அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வந்தது. உனக்கு அது ஞாயிறு பள்ளியில் வந்தது என்று நினைக்காதே. உனக்குத் தலை பின்னிவிடும்போது ஆயா சொல்லிக்கொண்டே பின்னுவார், நீயும் கூடவே சொல்வாய். கடைசிப் பின்னல் முடிவதற்குள் "கர்த்தருடைய வீட்டிலே நீடித்த நாட்களாய் நிலைத்திருப்பேன்" வந்துவிடும்.

பிடி அரிசி உனக்கு ஞாபகம் இருக்கும். உலைக்கு அளந்த அரிசியைக் களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அடுப்படி மூலையில் இருக்கிற கலயத்தில் போடுவார். நிறைந்ததும் நம் சபைக் கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும். ரேஷன் அரிசியை நம்பி இருந்த மாதங்களிலும் அந்தப் பிடி சிறுத்ததில்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதே, அப்போது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எதிர்வீட்டுக் கூரை பறந்துபோய், பிள்ளைகளும் நனைந்த பாயுமாக அவர்கள் நம் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். ஆயா அந்தக் கலயத்தைத் தூக்கிவந்து அப்படியே அடுப்பில் கஞ்சி வைத்தார். "ஆயா, அது கோயில் அரிசியாச்சே" என்று நீதான் கேட்டாய். "ஆண்டவர் அரிசிதான் கண்ணு. இன்னிக்கு அவரு நம்ம திண்ணையிலதான் உக்காந்திருக்காரு" என்றார். மறுநாள் ராத்திரி கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தியோடு வருஷக் கடைசி வாட்ச் நைட் ஆராதனைக்குப் போனோம். வெளிச்சம் போதாததால் புத்தகம் பார்க்காமல் பாடத் தெரிந்த கீர்த்தனைகளாகவே பாடினார்கள். நீ ஒன்று விடாமல் பாடினாய். ஆயாவோடு பாடிப் பாடி வந்தது அது.

நம் கடலூர் முதுநகருக்கு 1740-ல் கீர்நாண்டர் என்று ஒரு சுவீடன் நாட்டு மிஷனரி வந்தார். 1758-ல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்ததும் கல்கத்தா போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, யுத்த காலம். ஊழியர்கள் வருவார்கள், போவார்கள். போதகர் ஐயாமாரும் மாற்றலாகிப் போவார்கள். ராத்திரி பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்து ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவள் எங்கே போவாள்? நம் வீடு வரைக்கும் இந்த விசுவாசம் வந்தது அப்படிப்பட்டவர்களால்தான் என்று நான் திடமாக நம்புகிறேன். உனக்கு நாங்கள் போட்ட நகையும் இந்த வீட்டுப் பங்கும் ஒரு நாள் செலவாகிவிடும். இது ஒன்றுதான் உன் பேரப்பிள்ளை வரைக்கும் போகக்கூடியது.

பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம். தூங்கப்போகும் முன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரி ஜெபம் பண்ணு, அப்பா பேரையும் அப்பாயி பேரையும் சொல்லி. செல்போனில் பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு நீ வேலையைப் பார்க்காதே, நீயே பாடு. சுருதி போனால் போகட்டும். சோறு ஊட்டும்போது தாவீதும் கோலியாத்தும் கதை சொல். "வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்" என்றுதானே உபாகமத்தில் இருக்கிறது.

சேட்டை பண்ணினால் "இயேசப்பா கண்ணைக் குத்திடுவார்" என்று மட்டும் சொல்லிவிடாதே. பயத்தில் ஒட்டிக்கொண்டது பயம் போனதும் போய்விடும். சம்பந்தியம்மா விளக்கேற்றும்போது அவனைக் கையைப் பிடித்து இழுக்காதே, முகம் சுளிக்காதே. கேள்வி கேட்டால் "அப்பாயி அப்படிக் கும்பிடுறாங்க, அம்மா இப்படி ஜெபம் பண்றேன்" என்று உள்ளதைச் சொல். உண்மையைச் சொன்னால் பிள்ளை குழம்பாது. மாப்பிள்ளையிடமும் மறைக்காதே, இதற்காக ஒரு நாளும் சண்டை போடாதே. கல்யாணத்துக்கு முன்னாலேயே "அவ கோயிலுக்குப் போறத நான் தடுக்கமாட்டேன்" என்று எங்களிடம் சொன்னவர், இன்றுவரை அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறவர். அவருக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன்.

வீட்டு வேதாகமத்தின் முதல் தாளில் அப்பா பேரன் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிவிட்டார். மேலே கொள்ளுத்தாத்தாவின் மசி மங்கிய எழுத்து, கீழே உன் பெயர், அதற்கும் கீழே இவன். வரும்போது அவனுக்குக் காட்டு.

அறுப்பின் பண்டிகை வருகிறது. எந்த ஞாயிறு என்று போதகர் ஐயா அறிவித்ததும் போன் பண்ணுகிறேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் மூன்று பேருமாக வாருங்கள். போன தடவை காணிக்கையாக வந்த பூசணிக்காயை ஏலம் விட்டதை அவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவரும் ஏலம் கேட்கட்டும்.

அன்புடன்,
அம்மா