எரிசக்தி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு ஒரு சிறு பங்குதாரரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர்களே, தணிக்கைக் குழு உறுப்பினர்களே,

வணக்கம். உங்களைப் போன்ற நிறுவனங்களில் கொஞ்சம் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். பெரிய நிதி நிறுவனங்களின் மேலாளர்களை நீங்கள் நேரில் சந்திக்கிறீர்கள். எங்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. எங்கள் கையில் இருப்பது உங்கள் ஆண்டறிக்கை ஒன்றுதான். அதில் கூடுதலாக ஒரே ஒரு பக்கம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் சொத்துகளின் மதிப்பு எந்த எண்ணெய் விலை, எந்த கார்பன் விலை (கரியமில வாயுவை வெளியிடுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை), எந்த நாணய மாற்று விகிதம் என்ற அனுமானங்களின் மேல் நிற்கிறது, அந்த அனுமானங்கள் மாறினால் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு எண்ணெய் வயலுக்கு எதிரே நிற்கும் தொகை, அதில் போட்ட பணத்தில் தேய்மானம் போக மிஞ்சியது. அந்தத் தொகை அப்படியே நிற்கலாமா, குறைத்து எழுத வேண்டுமா என்பதை முடிவு செய்வது எதிர்காலக் கணக்கு. இனி பல பத்தாண்டுகளுக்கு எண்ணெய் என்ன விலைக்குப் போகும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதுதான் அந்தக் கணக்கின் அடித்தளம். எங்கள் சேமிப்பும் அதே அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

2020 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். 2050 வரையிலான பிரென்ட் எண்ணெயின் (உலகச் சந்தை விலைக்கு அளவுகோலாகக் கொள்ளும் எண்ணெய்) சராசரி விலை பேரலுக்கு சுமார் 55 டாலர்தான் இருக்கும் என்று பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பிபி தன் அனுமானத்தைக் குறைத்தது. 2030இல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 100 டாலர் விலை இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டது. அதன் விளைவாக 17.5 பில்லியன் டாலர் வரை சொத்து மதிப்பைக் குறைத்து எழுத வேண்டியிருக்கும் என்று அறிவித்தது. பூமிக்கு அடியில் இருந்த எண்ணெய் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, கிணறுகள் அப்படியேதான் இருந்தன. மாறியது ஓர் அறையில் சிலர் எழுதிவைத்திருந்த எண்கள் மட்டும்தான். அடுத்த சில வாரங்களில் இன்னொரு பெரிய எண்ணெய் நிறுவனமான ஷெல்லும் இதே காரணத்தால் பெரிய அளவில் மதிப்பைக் குறைத்தது. அதற்கு முன்பே ஏப்ரலில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதன்முறையாகத் தன் டிவிடெண்டை, அதாவது பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கை, அது வெட்டியிருந்தது: ஒரு பங்குக்குக் காலாண்டுக்கு 47 சென்ட் என்பது 16 சென்ட் ஆனது. ஆகஸ்டில் பிபி தன் டிவிடெண்டைப் பாதியாக்கியது.

பெருந்தொற்று வந்தது, எண்ணெய் தேவை சரிந்தது, யாரும் எதிர்பார்க்கவில்லை என்பது உண்மைதான். அந்த ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில், அதாவது விற்பவரே பணம் கொடுக்கும் நிலையில், முடிந்ததை எந்தக் கணிப்பு மாதிரியும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. சரி, ஆனால் நான் கேட்பது ஜோசியம் இல்லை. 70 டாலர் என்று நினைத்திருந்தது 55 ஆனால் எத்தனை பில்லியன் போகும் என்பது முன்பே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. நீங்கள் உள்ளே போட்டும் பார்த்திருப்பீர்கள். அது எங்களுக்கு முதலீடு செய்வதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். டிவிடெண்ட் போன பிறகு தெரிந்து என்ன பயன்?

அடுத்தது நாணயம். எரிசக்திப் பங்குகளில் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிபி தன் டிவிடெண்டை டாலரில் அறிவிக்கிறது, பிரிட்டனின் சாதாரணப் பங்குதாரருக்குப் பவுண்டில் கொடுக்கிறது. 2016இல் அந்த டிவிடெண்ட் காலாண்டுக்குப் பத்து சென்ட். பவுண்டின் மதிப்பு 1.50 டாலராக இருந்தால் பத்து சென்ட் என்பது 6.7 பென்ஸ். 1.25 டாலராக விழுந்தால் அதே பத்து சென்ட் 8 பென்ஸ். அந்த ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறப் பிரிட்டன் வாக்களித்தது, பவுண்ட் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் சரிந்தது. பங்குதாரரின் வருமானம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது. நிறுவனம் ஒரு சென்ட்கூட அதிகம் தரவில்லை. அந்தப் பணத்தைப் பார்த்து ‘நல்ல கம்பெனி’ என்று முடிவு செய்து மேலும் பங்கு வாங்கியவர், உண்மையில் வாங்கியது டாலரின் மேல் ஒரு பந்தயம். அது அவருக்குத் தெரிந்திருந்தால் தவறில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டாலர் ஏறினால் எண்ணெய் இறங்கும், டாலர் இறங்கினால் எண்ணெய் ஏறும் என்பது முதலீட்டாளர்கள் நீண்ட காலம் நம்பிவந்த விதி. 2014 நடுவில் 115 டாலரைத் தொட்ட பிரென்ட், 2016 ஜனவரியில் 30க்குக் கீழே போனபோது டாலர் வலுவாகத்தான் இருந்தது. விதி சரியாகப் பொருந்தியது. எண்ணெய்ப் பங்கு விழுந்தாலும், டாலர் அல்லாத நாணயத்தில் சேமிப்பவருக்கு டாலரின் ஏற்றம் கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. 2022இல் இரண்டும் சேர்ந்து ஏறின. மார்ச்சில் பிரென்ட் ஒரு கட்டத்தில் 139 டாலர் வரை போனது, செப்டம்பரில் டாலர் இருபது ஆண்டுகளில் இல்லாத உச்சத்துக்குப் போனது, ஜப்பானிய யென் அக்டோபரில் 32 ஆண்டுகளில் காணாத வீழ்ச்சியைக் கண்டது. அமெரிக்காவே 2020 முதல் எண்ணெய்ப் பொருள்களை இறக்குமதியைவிட அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்டதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். ஜப்பானிலோ வேறெங்கோ இருந்து எண்ணெய்ப் பங்கு வைத்திருந்தவருக்கு அந்த ஆண்டு இரட்டை லாபம். ஆனால் சேர்ந்து ஏறியவை சேர்ந்து இறங்கவும் செய்யும். அப்போது பழைய விதியை நம்பி, ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு இரட்டை நஷ்டம்.

இதில் கார்பன் விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலை தன் பொருளை டாலரோடு கட்டுண்ட விலையில் விற்கிறது, கரியமில வாயுவை வெளியிடத் தேவையான உமிழ்வு உரிமங்களை யூரோவில் வாங்குகிறது. டாலர் பலவீனமானால் வருமானம் யூரோ கணக்கில் சுருங்கும், கார்பன் செலவோ அப்படியே நிற்கும். அந்த உரிமத்தின் விலையே நிலையாக நிற்பதில்லை. 2005இல் தொடங்கிய அந்தச் சந்தையில் பல ஆண்டுகள் ஒரு டன் பத்து யூரோவுக்கும் கீழே கிடந்தது. 2023 பிப்ரவரியில் நூறு யூரோவைத் தாண்டியது. ஓராண்டில் அறுபதுக்கும் கீழே வந்தது. எண்ணெய், நாணயம், கார்பன் மூன்றுக்கும் மூன்று தனித்தனி அத்தியாயங்களில், நூறு பக்க இடைவெளியில், நீங்கள் அபாயங்களைப் பட்டியல் போடுகிறீர்கள். மூன்றும் ஒரே நாளில் ஒரே லாபத்தைத் தாக்கும் என்பதை எங்கேயும் எழுதுவதில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பசுமை எரிசக்தி நிறுவனங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், அவர்கள் இதில் விதிவிலக்கு இல்லை. காலநிலைக் கொள்கை உங்கள் பக்கம் இருக்கிறது என்று நம்பி எத்தனையோ பேர் தங்கள் ஓய்வுக்காலப் பணத்தை உங்களிடம் தந்தார்கள். ஸ்பெயின் தன் சூரிய மின் நிலையங்களுக்கு உறுதியளித்த கட்டணத்தை 2010இலிருந்து படிப்படியாக வெட்டியது, ஏற்கெனவே கட்டி முடித்தவற்றுக்கும் சேர்த்து. டென்மார்க்கின் காற்றாலை நிறுவனமான ஓர்ஸ்டெட் 2023 நவம்பரில் அமெரிக்கக் கடலோரத்தில் இரண்டு பெரிய காற்றாலைத் திட்டங்களைக் கைவிட்டது. அதன் பங்கு ஒரே நாளில் சுமார் கால் பங்கு மதிப்பை இழந்தது. வட்டி ஏற்றம், தாமதமான உபகரணங்கள், எதிர்பார்த்த அளவுக்குக் கிடைக்காத வரிச்சலுகை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. டாலரில் சம்பாதிக்க வேண்டிய திட்டம், கணக்கு டேனிஷ் குரோனரில், அந்த குரோனர் யூரோவோடு கட்டப்பட்டது. பங்குதாரர் இன்னொரு நாணயத்தில் சேமிக்கிறார். இத்தனை அடுக்குகளையும் அவரே உரித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நியாயமா?

கொள்கை ஒரே திசையில் போகும் என்று யாரும் எண்ண வேண்டாம். பிரிட்டன் 2022 மேயில் வட கடல் எண்ணெய் லாபத்தின் மேல் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது, அடுத்த ஆண்டு அதை 35 ஆக்கியது, 2024 நவம்பரில் 38 ஆக்கியது. அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டுக் கொடுத்த பசுமைச் சலுகைகளில் பலவற்றை 2025இல் சட்டம் போட்டே வெட்டியது. நிறுவனங்களும் அப்படித்தான். 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்று 2020இல் சொன்ன பிபி, 2023இல் அதை 25 என்றது, 2025 பிப்ரவரியில் அந்த இலக்கையே விட்டுவிட்டது. திட்டத்தை மாற்றும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. மாற்றும்போது அதன் அடியில் இருந்த எண்களில் எது மாறியது என்று அதே நாளில் சொல்லுங்கள். எண்ணெய் விலைபற்றிய கணிப்பு ஏறியதா, கார்பன் விலைபற்றிய கணிப்பு இறங்கியதா, இல்லை இரண்டும் அப்படியே இருக்க வேறு அழுத்தமா?

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. கிணற்றை மூடி, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையைக் கழற்றி, கடலடியைச் சுத்தம் செய்யும் செலவு. பத்திருபது ஆண்டுகள் தள்ளி வரும் செலவு என்பதால், அதை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்து சிறிய எண்ணாகக் காட்டுகிறீர்கள். கொள்கை காரணமாக வயல் முன்கூட்டியே மூடப்பட்டால் அந்தத் தள்ளுபடி கரைந்து எண் பெருக்கும். அப்போது வருமானமும் நின்றிருக்கும். எந்த ஆண்டில் மூடுவதாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள், பத்தாண்டு முன்னால் வந்தால் எவ்வளவு ஆகும்? இந்த இரண்டு எண்களும் அந்தப் பக்கத்தில் வேண்டும்.

போட்டியாளர்களுக்குத் தெரிந்துவிடும் என்பீர்கள். 55 டாலர் என்று பிபி வெளியே சொன்னதால் எந்தப் போட்டியாளரும் அதை வீழ்த்தவில்லை. சாதாரண மக்களுக்குப் புரியாது என்பீர்கள். பிரான்சின் டோட்டல்எனர்ஜீஸ், எண்ணெய் பேரலுக்குப் பத்து டாலர் மாறினால் லாபம் எவ்வளவு மாறும், யூரோவுக்கு எதிராக டாலர் 0.1 மாறினால் எவ்வளவு மாறும் என்று ஒரு சின்ன அட்டவணையை முடிவுகளோடு சேர்த்து வெளியிடுகிறது. பள்ளிக் கணக்கு தெரிந்த யாரும் அதைப் படிக்கலாம். அது ஓராண்டு லாபத்தைப் பற்றியது. அதே அட்டவணையைச் சொத்து மதிப்புக்கும், 2030, 2040, 2050 என்ற ஆண்டுகளுக்கும், கார்பன் விலைக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். அப்புறம் ஒரு கடைசி வரி: எண்ணெய் பத்து டாலர் இறங்கி, டாலரும் பத்து சதவீதம் இறங்கி, கார்பன் விலை இரட்டிப்பானால் என்ன ஆகும்? மூன்றும் ஒன்றாக நடந்தால் என்ன என்ற அந்த வரிதான் எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

காலநிலை அபாயங்களை வெளிப்படுத்தச் சொல்லும் பொதுவான தரநிலை 2023 ஜூனிலேயே வந்துவிட்டது, ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள்) எஸ்2 என்று. அதை ஏற்ற நாடுகள் கூடிக்கொண்டு வருகின்றன. அதன்படி எழுதப்படும் அறிக்கை தடித்த புத்தகமாக வருவதைவிட, ஒரு பக்கத்தில் எண்களாக வருவது எங்களுக்கு உதவும்.

கேள்வி கேட்கும் பங்குதாரரை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2021இல் வெறும் 0.02 சதவீதப் பங்கு வைத்திருந்த ஒரு சிறிய முதலீட்டு நிறுவனம், அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபிலின் இயக்குநர் குழுவில் மூன்று இடங்களைப் பிடித்தது. பெரிய நிதி நிறுவனங்கள் அதன் வாதத்தைக் கேட்டு வாக்களித்ததால்தான் அது முடிந்தது. 2024 ஜனவரியில் அதே எக்ஸான்மொபில், உமிழ்வைக் குறைக்கும்படி தீர்மானம் கொண்டுவந்த இரண்டு சிறு பங்குதாரர் அமைப்புகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது. தீர்மானத்தை அவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கேள்வி கேட்பவர்கள் பயந்து ஒதுங்கினால், உங்கள் கணக்கில் உள்ள ஓட்டையை முதலில் கண்டுபிடிக்கப்போவது சந்தைதான், அதுவும் ஒரு மோசமான நாளில்.

நான் உங்கள் பங்குகளை விற்றுவிட்டுப் போகலாம். அதைச் செய்யவில்லை, ஏனென்றால் இந்த உலகத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் எரிசக்தி வேண்டும், அதைத் தயாரிக்கும் முறை மாற வேண்டும், அந்த மாற்றத்துக்குப் பணம் வேண்டும். எங்கள் சேமிப்பு அதற்குப் போகட்டும் என்றுதான் தந்திருக்கிறோம்.

எனவே அடுத்த ஆண்டறிக்கையில் அந்தப் பக்கத்தை எதிர்பார்ப்பேன். அது இல்லையென்றால் பொதுக்கூட்டத்தில் தணிக்கைக் குழு உறுப்பினர்களின் மறுநியமனத்துக்கு எதிராக வாக்களிப்பேன். எங்களில் பெரும்பாலானோர் பங்குகளை இடைத்தரகர் பெயரில்தான் வைத்திருக்கிறோம், கேட்டு வாங்கினால்தான் வாக்குரிமை கிடைக்கிறது. இதைப் படிக்கும் சக பங்குதாரர்கள் தங்கள் தரகு நிறுவனத்துக்கு இன்றே எழுதி அந்த உரிமையைக் கேளுங்கள். இயக்குநர்களே, பொதுக்கூட்ட அறிவிப்பை அனுப்பும்போது, தரகர் வழியாகப் பங்கு வைத்திருப்பவர் எப்படி வாக்களிப்பது என்ற விளக்கத்தையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

அன்புடன்,
ஒரு சிறு பங்குதாரர்