பொன்னுருக்கலுக்கு முதல் ஓர் இரத்தப் பரிசோதனை

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் ஓய்ந்து வாடை தொடங்கிவிட்டது. உப்புவெளிப் பக்கம் இரண்டு நாளாகக் கடலில் இறங்க ஏலாது. உன் மகளுக்கும் உன் தங்கச்சியின் மூத்தவனுக்கும் கலியாணம் பேசுகிறீர்கள் என்றதில் நல்ல சந்தோசம். ஆனால் தங்கச்சியின் இளையவனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய், மாதம் ஒருக்கா இரத்தம் ஏற்றுகிறார்கள் என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

"சொந்தத்துக்குள் செய்தால் இரத்தம் கெட்டுப்போகும்" என்று உன் மனைவி வீட்டார் சொல்வதும், "ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது" என்று தங்கச்சி சொல்வதும் இரண்டுமே பிழை. தாயும் தகப்பனும் பாலும் தண்ணீரும் போலப் பிள்ளையில் கலப்பதில்லை. பட்டாணிச் செடிகளில் பரம்பரையை ஆராய்ந்த மென்டல் 1866இல் அச்சிட்ட கணக்கைப் பார். உருண்டைப் பட்டாணியையும் சுருங்கியதையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவற்றைத் தம்முள் சேரவிட்டபோது 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. சுருக்கம் அழியவில்லை, ஒரு தலைமுறை முழுக்க ஒளிந்திருந்தது.

தலசீமியாவும் அப்படித்தான் ஒளிகிறது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் புரதம் ஈமோகுளோபின்; அதன் ஒரு பகுதியான பீற்றாச் சங்கிலிக்கான பரம்பரை அலகு (ஜீன்) 11ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதென்றால் அவர் காவி, அதாவது நோயில்லாமல் பழுதைச் சுமப்பவர். ஓடுவார், உழைப்பார், ஒன்றும் தெரியாது. இரண்டும் பழுதென்றால்தான் நோய். பிறந்த குழந்தையின் ஈமோகுளோபினில் பெரும்பகுதிக்குப் பீற்றாச் சங்கிலி தேவையில்லை. அதனால் முதல் சில மாதம் கொழுகொழுவென்று இருந்துவிட்டுப் பிறகுதான் வெளிறத் தொடங்கும்.

இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய். முன்னே பிறந்தவன் யார் என்று கருவுக்குத் தெரியாது. நான்கு பிள்ளை பெற்றால் ஒருவருக்குத்தான் வரும் என்றும் இல்லை: ஒருவருக்கும் வராமல் போவது 100க்கு 32, சரியாக ஒருவருக்கு மட்டும் வருவது 42, மிச்சம் 26 ஒன்றுக்கு மேல்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. இளையவனுக்கு நோய் என்றால் தங்கச்சியும் அவள் புருசனும் இருவருமே காவிகள். மாப்பிள்ளை காவியாக இருக்கும் வாய்ப்பைப் பலரும் பாதி என்பார்கள். அது பிழை. அவனுக்கு நோய் இல்லை என்று ஏற்கெனவே தெரியும். நான்கு சேர்க்கைகளில் நோயுள்ளது ஒன்று போக, மிஞ்சும் மூன்றில் இரண்டு காவி. ஆகவே 2/3. தங்கச்சிக்கு அது உங்கள் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும்; அதனால் உனக்கு 1/2, உன் மகளுக்கு 1/4. பெருக்கினால் இருவரும் காவியாக இருப்பது 1/6, பிறக்கும் பிள்ளைக்கு நோய் 1/24.

இந்த 1/24ஐப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். சோதித்த பிறகு அந்த எண்ணே இருக்காது. இருவரில் ஒருவர் பீற்றாக் காவி இல்லாவிட்டாலே பீற்றாத் தலசீமியா வர வழியில்லை; இருவரும் காவி என்றால் 1/4.

என்ன செய்யவேண்டும்? இரண்டு பேருக்கும் எஃப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கை) எடுக்கச் சொல், வெறும் வயிறு தேவையில்லை. எம்.சி.வி. (செங்குருதிக் கலத்தின் சராசரி அளவு) 80க்குக் கீழ், எம்.சி.எச். (ஒரு கலத்தில் உள்ள ஈமோகுளோபின் அளவு) 27க்குக் கீழ் என்றால் சந்தேகம். ஆனால் அதோடு நிற்காதே, எண்கள் நல்லாக இருந்தாலும், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனையும் செய்விக்க வேண்டும். ஈமோகுளோபின் ஈ என்ற இன்னொரு வகை இலங்கையில் உண்டு. அதன் காவிக்கு எம்.சி.வி. சாதாரணமாகவே இருக்கலாம்; பீற்றாத் தலசீமியாவோடு அது சேர்ந்தாலும் பிள்ளைக்கு நோய்தான். அது உன் மனைவி வழியிலும் வந்திருக்கலாம், மேலே போட்ட கணக்கில் அது இல்லை. அறிக்கையில் ஈமோகுளோபின் ஏ2 என்ற சிறு வகை 3.5 வீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் பீற்றாக் காவி.

பெண்பிள்ளைகளில் சோதனை அடிக்கடி பிழையாவது இரும்புச்சத்துக் குறைவால். அதுவும் எம்.சி.வி.யைக் குறைக்கும்; கூடவே ஏ2வையும் இறக்கி, காவியைக் காவி அல்லாதவராகக் காட்டிவிடலாம். உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். குறைவென்றால் மூன்று மாதம் இரும்புக் குளிசை (மாத்திரை) போட்டுவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு: காவியைச் சோகைக்காரர் என்று நினைத்து வருசக்கணக்காக இரும்புக் குளிசை கொடுப்பது. ஃபெரிட்டின் சரியாக இருந்தால் அந்தக் குளிசை வீண்.

இரத்த வகை பார்த்தாயிற்று, பொருந்துகிறது என்று எழுதியிருக்கிறாய். ஏ, பி, ஓ வகை 9ஆம் நிறமூர்த்தத்து விசயம். இதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கலியாணத்துக்கு முன் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருவிலேயே கண்டறிய வழி இருந்தாலும், தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருக்கலைப்பை நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் தெரிந்துகொண்டு தாங்களே முடிவெடுக்க இப்போதுதான் நேரம் இருக்கிறது. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேள். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையமும் இருக்கிறது.

சாதகம் பார்க்கக் கொடுத்திருக்கிறாய் என்றாய். அது வருவதற்குள் இதையும் எடுத்துவிடலாம். தாலிக்குப் பொன்னுருக்க நாள் குறிக்கமுன் அறிக்கை இரண்டையும் படம் எடுத்து அனுப்பு, ஃபெரிட்டினோடு சேர்த்து.

தங்கச்சியையும் இளையவனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்