அம்மாவின் போர்வையில் பிழை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற மாத இதழில் மும்பை தாராவிப் பெண்களின் கைத்தொழில் பற்றிய கட்டுரையில், மூன்றாவது படத்தின் கீழே ஒரு வரி அச்சாகியிருக்கிறது: "எழுத்தறிவில்லாத தாய் ஒருவர் பிழைகளோடு தைத்த கந்தல் போர்வை." அந்தத் தாய் என் அம்மா. இந்த ஆடி மாதம் 91 வயதில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில்தான் இதழ் கைக்கு வந்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

முதலில் அந்தப் "பிழை". படத்தில் போர்வையின் கீழ் மூலை மட்டும் தெரிகிறது. அங்கே ளை, னை இரண்டும் பழைய வடிவத்தில், முன்னால் யானைத் தும்பிக்கைபோல் வளைந்த கொம்போடு இருக்கின்றன. என் வயதுக்காரர்கள் எல்லாரும் பள்ளியில் அப்படித்தான் எழுதிப் பழகினோம். பெரியார் 1935லேயே தம் குடிஅரசு இதழில் புதிய வடிவங்களைக் கொண்டுவந்ததும், 1978இல் தமிழக அரசு ஆணை போட்டு 13 எழுத்துகளை மாற்றியதும் தாங்கள் அறியாததல்ல. தங்கள் அலுவலகத்தில் பழைய இதழ்களின் தொகுப்பு இருக்கும். எழுபதுகளில் வந்த ஏதாவது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் அந்தத் தும்பிக்கை இருக்கும். அவையும் பிழைகளா, ஐயா?

"எழுத்தறிவில்லாத" என்ற சொல்லுக்கு வருகிறேன். அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. 1953இல் கல்யாணமாகித் தாராவிக்கு வந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் கிடங்கில் வேலை. 1968இல் என்னை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். நான் பகலில் எழுதியதை அம்மா இரவில் எழுதினார், தையற்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால், எங்கள் வீட்டுத் தகரச் சுவரில். அடுத்த பொங்கலுக்குள் ஊருக்குச் சொந்தக் கையால் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு 34 வயது. என் படிப்புக்கு முதல் மாணவி என் அம்மாதான். பிறகு 36 ஆண்டுகள் அதே மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் நான் ஆசிரியையாக இருந்தேன். எது பிழை, எது பிழையில்லை என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

அடுத்தது "கந்தல்". சாத்தாராவிலிருந்து வந்த மராத்திப் பெண் ஒருவர் எங்கள் அடுத்த வீட்டில் இருந்தார். நாங்கள் மாவ்ஷி என்போம், மராத்தியில் சித்தி என்று பொருள். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அப்போது மராத்தி தெரியாது. ஊசியும் நூலும்தான் இருவருக்கும் பேச்சு. பழைய பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி நூலோட்டித் தைக்கும் கோதடியை மாவ்ஷி சொல்லிக்கொடுத்தார். மராட்டிய வீடுகளில் பிறந்த குழந்தையை அதில்தான் கிடத்துவார்கள். அதைக் கந்தல் என்று அவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா அதில் தன் வேலையைக் காட்டினார். சட்டைக் கூடங்களில் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொண்டிருந்தவர், கூலியோடு ஒரு பை வெட்டுத்துணியும் கேட்டு வாங்கி வருவார். அந்த வெட்டுத்துணியைச் சிந்தி என்று சொல்லி இங்கே கிலோக் கணக்கில் விற்பார்கள். என் கடைசித் தம்பிக்கு எழுத்துச் சொல்லித்தர அந்தத் துண்டுகளால் ஒரு போர்வை தைக்க வேண்டும் என்று 1973இல் தீர்மானித்தார். அதற்கு அவர் போட்ட கணக்கைத் தயவுசெய்து கவனியுங்கள். உயிர் 12, ஆய்தம் 1, முதல் வரிசைக்கு 13 கட்டம். கீழே 18 வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு மெய்யும் அதன் 12 உயிர்மெய்யும், அதுவும் 13. ஆக 19 வரிசை, 247 கட்டம். ஒன்று மிஞ்சாது, ஒன்று குறையாது. கட்டத்துக்கு நான்கு அங்குலம் வைத்தால் அகலம் 52, நீளம் 76 அங்குலம், ஓர் ஆள் போர்த்திப் படுக்கச் சரியாக இருக்கும். யாரும் சொல்லித்தரவில்லை. என் சிலேட்டில் கோடு கோடாகப் போட்டு அவரே கண்டுபிடித்தார்.

ங, ஞ வரிசைகளுக்கு மங்கின துணி போதுமே, அந்த எழுத்துகள் எங்கே வருகின்றன என்று நான் சொன்னேன். "யாரும் கூப்பிடாத பிள்ளைக்குத்தான் நல்ல சட்டை போட வேண்டும்" என்று இருந்ததிலேயே அழகான மஞ்சள் பூத்துணியை அவற்றுக்கு வைத்தார். இரண்டு ஆண்டுகள் ஆயின. வாசற்படியில் வெளிச்சம் இருக்கும்வரை தைப்பார். போர்த்தலாம், தரையில் விரிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். தூக்கத்தில் கால் பட்டுவிட்டால் காலையில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

புதிய எழுத்து வந்தபோது அம்மா அதையும் மதித்தார். மாறிய பதின்மூன்றில் ஒன்பது கட்டங்களைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். மிச்சம் ணை, லை, ளை, னை. ஊசியை எடுத்தவர் வைத்துவிட்டார். "யானை என்ற சொல்லிலேயே தும்பிக்கையை அறுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். அந்த நான்கும் அப்படியே நின்றுவிட்டன.

2005 ஜூலை 26 எல்லாருக்கும் நினைவிருக்கும். மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு வீட்டுக்குள் வந்தது. அம்மா ரேஷன் கார்டையும் போர்வையையும்தான் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியும் கீழ்ப் பகுதி நனைந்துவிட்டது. தங்கள் படத்தில் தெரியும் பழுப்புக் கறை அந்த நாளுடையது.

தங்கள் நிருபர் சித்திரையில் வந்தார். நல்ல பிள்ளைபோல்தான் இருந்தார். அம்மா என்னைக் காபி போடச் சொல்லி அவருக்குக் கொடுத்தார். கண் மங்கி ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்ததால் அம்மா விரலால்தான் போர்வையைப் படிப்பார். அந்தத் தம்பியின் விரலைப் பிடித்து னையின் தும்பிக்கைமேல் வைத்து, மேலே சொன்ன கதையை முழுவதும் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் குறித்துக்கொண்டது இந்த அறையில் எத்தனை பேர், கழிப்பறை எவ்வளவு தூரம் என்ற இரண்டு கேள்விகளுக்கான பதிலை மட்டும். கட்டுரையிலும் அவை இரண்டும்தான் வந்திருக்கின்றன.

இது புதிதல்ல என்பதுதான் வருத்தம். முப்பது ஆண்டுகளுக்குமேல் தங்கள் வாசகியாக இருக்கிறேன். மும்பைத் தமிழர் என்றால் தங்களுக்கு வசதியுள்ளவர்கள் வாழும் மாட்டுங்காவும் செம்பூரும்தான். தாராவி என்றால் குடிசை, சாக்கடை, வெள்ளம். 90 அடி சாலையில் பொங்கலன்று பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவதை ஒரே ஒரு முறை படம் போட்டிருக்கிறீர்களா? மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவருவதைப் பற்றி நான் மூன்று முறை எழுதினேன். ஒன்றுகூட வரவில்லை. தமிழ் எழுத்தில் அக்கறையுள்ள இதழ் அதையாவது கேட்டிருக்கலாம். தீபாவளி மலர் இங்கே பண்டிகை முடிந்துதான் வருகிறது என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வார். ஆனாலும் வாங்கச் சொல்வார். கடைசி ஐந்தாறு ஆண்டுகளாக நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். இந்த இதழை யாருக்குப் படித்துக் காட்டுவேன்?

நான் கேட்பது இரண்டுதான். அடுத்த இதழில் ஒரு திருத்தம்: அவை பழைய எழுத்துகள், அது கோதடி, தைத்தவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று, அம்மாவின் பெயரோடு. பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். மற்றொன்று, நிருபர் இரவல் வாங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படம். அம்மா மடியில் பாதி தைத்த போர்வையோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்துக்கு எங்களிடம் வேறு பிரதி இல்லை. தபால்தலை ஒட்டிய உறையும் இரண்டு அட்டைகளும் இத்துடன் வைத்திருக்கிறேன். அட்டைகளுக்கு நடுவில் வைத்து, மடிக்காமல் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த மகள்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தாராவி, மும்பை.