எம் டூ எஞ்சின் பிறந்த ஊரிலிருந்து

லண்டன், ஒண்டாரியோ
2025 பெப்ரவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன கிழமை போனில் அம்மா ஒரு விஷயம் சொன்னார். தலவாக்கலைக் கடையைச் சித்திரையோடு மூடிவிட்டு, மேசையையும் சாமான் பெட்டிகளையும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கப் போகிறீர்களாம். ரேடியோவை இப்போது யார் திருத்தக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டீர்களாம். போனில் இதைப் பேசினால் நீங்கள் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் இங்குள்ள நிலைமை. இன்றைக்குக் காலை சைபருக்குக் கீழே 14. நுவரெலியாவில் தை மாதம் புல்லில் துகள்பனி விழுந்தாலே கொழுந்து கருகிவிட்டது என்று தோட்டம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். இங்கே முழங்கால் வரை பனி கிடக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பஸ்ஸும் ஓடுகிறது. முதியோர் இல்லத்தில் காலை ஏழிலிருந்து மூன்று வரை வேலை. தமிழ்க் கடைகள் நிறைய உள்ள டொரன்டோவுக்குப் போக இரண்டு மணி நேரமாகும். மாதம் ஒரு தடவை போய் மாசிக் கருவாடும் செத்தல் மிளகாயும் வாங்கி வருகிறேன். தேத்தண்ணிக்குத்தான் இன்னும் மனம் சமாதானமாகவில்லை. கடைப் பைக்கற்றில் எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று போட்டிருப்பதில்லை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரப் பெரியவருக்கு 74 வயது. என் அறை நிலக்கீழ் தளத்தின் பின்பக்கம். முன்பக்கம் முழுவதும் அவருடைய மாதிரி ரயில் பாதை. இடுப்பளவு உயரப் பலகையில் மலை, சுரங்கம், இரண்டு ஸ்டேஷன். எல்லாம் 87இல் ஒரு பங்கு அளவு, தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நான் வந்தபோது அதன் மேல் துணி போட்டு மூடியிருந்தது. அவருக்குக் கை நடுக்கம், சோல்டரிங் அயன் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாமல் போனதிலிருந்து பாதையை ஓட்டவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பழைய எஞ்சினைத் திறந்துவைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். நான் பக்கத்தில் போய், "என் அப்பா ரேடியோ திருத்துபவர், நான் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். இந்த நாட்டுக்கு வந்து உங்கள் தொழிலைச் சொல்லி அறிமுகமானது அன்றைக்குத்தான்.

அப்பா, இதைக் கேளுங்கள். நம் கடைக்கு முன்னால் கோச்சியை இழுத்துக்கொண்டு போன எம் டூ எஞ்சின்கள் இந்த ஊரில்தான் செய்யப்பட்டவை. 1950இல் இங்கே திறந்த ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலையில் 1954 முதல் அவற்றைச் செய்து, கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்குக் கொடுத்தது. அதனால்தான் அவற்றுக்கு ஒண்டாரியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்று இந்த நாட்டு மாகாணப் பெயர்கள். சின்ன வயதில் ஸ்டேஷனில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயர்களில் ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்தேன், அது யார் என்று கேட்டேன். ஒரு பொம்பிளைப் பிள்ளையின் பெயராக இருக்கும் என்றீர்கள். பெரியவரும் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்தான். அவருடைய அப்பா ஐம்பதுகளில் அங்கே வெல்டராக இருந்தாராம். 2012இல் அதை மூடிவிட்டார்கள்.

அவர் திறந்துவைத்திருந்தது ஜீ.பி. 9 என்ற எஞ்சினின் மாதிரி. கனேடிய தேசிய ரயில்வேயின் பழைய பச்சையும் மஞ்சளும். அசலில் அதுவும் எம் டூவும் ஒரே குடும்பம். 567 என்ற டீசல் எஞ்சின் வகைதான் இரண்டிலும், இதில் 16 சிலிண்டர், எம் டூவில் 12.

உள்ளே பார்த்தால் கிறீஸ் காய்ந்து மெழுகாகிக் கிடந்தது. மோட்டரில் கரண்டை வாங்குகிற கொமியுடேட்டர் வளையம் அடுப்புச் சட்டி மாதிரிக் கறுப்பு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன், செம்பு தெரிந்தது. பல்சக்கரங்களைக் கழுவிப் புது எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். அவ்வளவிலேயே மோட்டர் சுற்றியது. ஆனால் பெரியவருக்கு வேண்டியது அதுமட்டும் இல்லை. அதை டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும் என்றார்.

பழைய முறை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்டவாளத்தில் சைபரிலிருந்து 12 வோல்ட் வரை டீ.சி. கூட்டினால் வேகம், முனையை மாற்றினால் பின்னோக்கி ஓடும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சினை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். புது முறையில் எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் தண்டவாளத்தில் முழு வோல்டேஜும் இருக்கும். அது முன்னும் பின்னும் மாறி மாறி அடிக்கிறது. ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் 58 பங்கு நேரத்துக்கு ஒரு தரம் மாறினால் ஒன்று, 100 பங்கோ அதற்கு மேலோ எடுத்தால் பூச்சியம். கட்டளை எல்லாம் இந்த ஒன்றிலும் பூச்சியத்திலும் போகிறது. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்று விரல் நகத்தளவு போர்ட் இருக்கிறது, அதற்கு ஒரு நம்பர். ஏரியலில் எல்லா ஸ்டேஷனும் வந்தாலும் முள்ளை வைத்த ஸ்டேஷன் மட்டும்தானே பேசும்? அதே மாதிரி, தன் நம்பருக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு அது மோட்டருக்குக் கரண்ட் விடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பழைய மாதிரிகளில் ஒரு ரெயிலின் கரண்ட் சில்லு வழியாக உலோகச் சேசிஸுக்கு வந்து, அங்கிருந்து நேரே மோட்டரின் அடிக் கிளிப்புக்குப் போகிறது. கிளிப்பில் இரண்டு சின்னப் பித்தளை முளைகள் சேசிஸைக் குத்திக்கொண்டு நிற்கும். டிகோடர் போட வேண்டும் என்றால் மோட்டர் எந்த ரெயிலோடும் தொடுப்பில்லாமல் தனியே நிற்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது என்று பெரியவர் சொன்னார். நான் முளைகளின் மேல் டேப் ஒட்டி, மோட்டரை அமுக்கி வைத்துவிட்டேன். அமுக்கும்போது ஒரு முளை டேப்பைக் கிழித்ததைப் பார்க்கவில்லை. முதலில் வைத்துப் பார்க்க கரண்ட் மிகக் குறைவாக விடுகிற தனித் தண்டவாளம் ஒன்றும் அவரிடம் இருந்தது. ஓட்டிப் பார்க்கிற ஆசையில் அதையும் விட்டு, நேரே பெரிய பாதையில் வைத்தேன்.

புகை ஒரு நூல் மாதிரி எழும்பியது. அந்த மணம் நம் கடை மணம் அப்பா. டிரான்ஸ்போமர் எரிந்த செட்டைத் திறக்கும்போது வருகிற மணம். 40 டாலர் டிகோடர் போய்விட்டது. பெரியவர் ஒன்றுமே சொல்லவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்காமல் பவர் கொடுக்காதே என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். அன்று இரவு அது மட்டும்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அந்த இரண்டு முளைகளையும் குறட்டால் மடக்கித் தட்டையாக்கினேன். சேசிஸில் இரண்டு மடிப்பு டேப். கிளிப்பில் சாம்பல் நிற வயரை வைத்து ஈயம் பற்ற வைத்தேன். முதலில் கிளிப்புக்குத் தனியாக ஈயம், வயருக்குத் தனியாக ஈயம், பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தொடுதல். நீங்கள் செய்கிற மாதிரியே மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன். அயனை எடுத்ததும் ஈயம் கண்ணாடி மாதிரி மின்னவில்லை, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. பிடிக்கவில்லை என்று மூன்று தரம் உருக்கினேன். பிறகுதான் பெரியவர் விளக்கினார். அது காரீயம் கலக்காத ஈயமாம். நல்ல ஜொயின்ட் என்றாலும் மங்கலாகத்தான் தெரியுமாம். நம் ஈயம் 190 பாகைக்குள் முழுக்க உருகிவிடும், இது 217க்கு மேலே போக வேண்டும். எனக்கு உங்கள் ஈயம்தான் பிடித்திருக்கிறது.

மேல் கிளிப்புக்கு ஒரேஞ்ச், வலது ரெயிலுக்குச் சிவப்பு, இடதுக்குக் கறுப்பு. பெரும்பாலான கம்பனி டிகோடர்களில் இந்த வயர் நிறங்கள் மாறுவதில்லை. முன் விளக்குக்கு நீலமும் வெள்ளையும். பழைய பல்ப் சூடாகிப் பிளாஸ்டிக் கூட்டைத் தொய்ய வைத்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஒரு எல்.ஈ.டி. வைத்தேன், நீளக் கால் நீலத்துக்கு, வெள்ளை வயரில் 1000 ஓம் ரெசிஸ்டர். அப்புறம் மீட்டர். மோட்டருக்கும் இடது ரெயிலுக்கும் இடையே பார்த்தேன், முள் அசையவில்லை. வலது ரெயிலுக்கும் பார்த்தேன், அசையவில்லை. பவர் கொடுத்தேன்.

முன்பு அந்த எஞ்சின் குமிழைப் பாதி திருப்பும்வரை நின்றுவிட்டு, திடீரென்று பாயும். இப்போது சிலிப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு மெதுவாக நகர்ந்தது. அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியான டெப்லட் வளையத்தை ஸ்டேஷன் மாஸ்டர் கையிலிருந்து எடுக்க எம் டூ பிளாட்போமுக்குள் தவழ்ந்து வருமே, அதே வேகம். ஏற்றத்திலும் மெலியவில்லை. மோட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று டிகோடர் அடிக்கடி பார்த்து, குறைந்தால் கூட்டிக் கொடுக்கிறது.

போன மாதம் பெரியவர் சத்தம் போடுகிற டிகோடர் ஒன்று வாங்கினார். அசல் எஞ்சினில் பதிவு செய்த சத்தம், சீனிக் கட்டியளவு ஸ்பீக்கர். அதையும் நான்தான் வைத்தேன். பட்டனை அழுத்தியதும் எஞ்சின் முதலில் முனகி, இருமி, பிறகு ஒரே தாளத்தில் பிடித்துக்கொண்டது. எனக்குக் கை ஓடவில்லை. விடியற்காலையில் லயத்து வீட்டுக் கூரைத் தகரம் அதிர வட்டகொடைப் பக்கம் ஏறுகிற சத்தம் அது. பெரியவர் என்ன என்று கேட்டார். நாவலப்பிட்டிக்கு மேலே 44 அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதையையும், சிங்கமலைச் சுரங்கத்தையும், பட்டிப்பொலையில் 6,226 அடி உயரத்தில் ஸ்டேஷன் இருப்பதையும், தெமோதரையில் பாதை சுற்றி வந்து ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைவதையும் சொன்னேன். தன் அப்பா வெல்டிங் பிடித்த எஞ்சின் இப்படிப்பட்ட இடத்தில் ஓடியிருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது. மேலே போய் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து, எல்லாவற்றையும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

பலகையின் ஒரு மூலையை இப்போது தலவாக்கலை ஸ்டேஷனாக மாற்றப் போகிறோம். ஒரு குறை இருக்கிறது. நம் தண்டவாளம் 1,676 மில்லிமீட்டர் அகலம், 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வரும். இங்கே இருப்பது 16.5. பரவாயில்லை, யாருக்குத் தெரியும் என்கிறார் பெரியவர். எனக்குத் தெரியும். நிலையத்துக்கு முன்னால் உள்ள ஒரு துண்டையாவது சரியான அகலத்தில் போட்டுக் காட்சிக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. தம்பியை ஸ்டேஷனுக்கு அனுப்பி, பிளாட்போம் நீளத்தை மீட்டரில் அளந்து வரச் சொல்லுங்கள். கைகாட்டிக் கம்பம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் வேண்டும். எம் டூ முதல் வந்த காலத்தில் என்ன நிறம் என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

அப்புறம், உடரட்ட மெனிக்கே கோச்சிக்கு ஆறு பெட்டி செய்கிறோம். பெட்டிக்குள் விளக்கு எரிய வேண்டும். தண்டவாளத்தில் கரண்ட் மாறி மாறி வருவதால், ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு டயோட் பாலம், ஒரு ரெசிஸ்டர், மினுங்காமல் இருக்க ஒரு கண்டென்சர், ஐந்து எல்.ஈ.டி. இவ்வளவுதான். பெரியவரால் செய்ய முடியாது, எனக்கும் வேலை முடிந்து வந்தால் நேரம் போதாது. நீங்கள் ஆறு செட் செய்து அனுப்ப வேண்டும். பெட்டிக் கூரைக்குள் பிடிக்க போர்ட் அகலம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். கண்டென்சர் 25 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. ரெசிஸ்டரை நீங்களே பார்த்துப் போடுங்கள், வெளிச்சம் நம் கோச்சியில் இருப்பதுபோல் மங்கல் மஞ்சளாக வர வேண்டும். கூலியைப் பெரியவர் என்னிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டார், இந்த மாதக் காசோடு அனுப்புகிறேன்.

டயோட் வாங்க ஹட்டனுக்குப் போக வேண்டாம். மேசையின் இடப்பக்க லாச்சியில், பிஸ்கட் டின்னுக்குள் சின்னக் கண்ணாடி டயோட்கள் ஒரு கை நிறையக் கிடக்கின்றன. அவை போதும்.

உங்கள் அன்பு மகள்,
கலா