பெர்னாண்டோவை ஒரே வருடத்துக்குள் அடைத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் புகழரங்கத் தேர்வைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் பேஸ்பாலுக்கு இரண்டு பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் பிட்சர் (பந்து எறிபவர்) பெர்னாண்டோ வலென்சுவேலாவுக்குக் கிடைத்தது ஒன்றரை வரிதான். 1981-இல் கலக்கிய ஒரு வருட நட்சத்திரம் என்று சொல்லிவிட்டு உங்கள் கட்டுரையாளர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பள்ளிக்கூட வயதிலிருந்து அந்த மனிதரின் ரசிகனாக இருக்கும் என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சரி, அந்த 1981-இலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏப்ரல் 9, சீசனின் முதல் ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் அன்று பந்து எறிய வேண்டிய ஜெர்ரி ராய்ஸுக்குக் காலில் காயம். அடுத்த ஆள் தயாராக இல்லை. வேறு வழியில்லாமல் இருபது வயதுப் பையன் ஒருவனைப் பந்து எறியும் மேட்டில் ஏற்றினார்கள். அதற்கு முன் பெரிய லீகில், அதாவது அமெரிக்காவின் உச்ச மட்டப் போட்டியில், அவன் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கி வைத்ததில்லை. முந்தைய செப்டம்பரில் நடு ஆட்டத்தில் மாற்று பிட்சராக இறங்கியதோடு சரி. அன்று ஹூஸ்டன் அணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் தானே எறிந்து முடித்தான். 2-0. இப்படியே தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வெற்றி, அவற்றில் ஐந்தில் எதிரணிக்கு ரன்னே இல்லை. எட்டும் முடிந்தபோது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக அரை ரன்.

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் எட்சோவாகிலா என்ற குக்கிராமம். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. கொஞ்சம் தொப்பை. பார்த்தால் விளையாட்டு வீரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பந்தை விடுவதற்கு முன், காலைத் தூக்கிய நிலையில், கண்ணை வானத்தை நோக்கி உருட்டுவார். பந்தைப் பிடிக்கும் கேட்சரைப் பார்க்காமல் மேலே என்ன பார்க்கிறார் என்று எங்கள் வகுப்பில் பெரிய சர்ச்சையே நடந்தது. மைதானத்தில் நாங்கள் எல்லோரும் அப்படியே வானத்தைப் பார்த்து எறிந்து, பந்து எங்கெங்கோ போனது வேறு கதை.

அவருடைய ஆயுதம் ஸ்க்ரூபால். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு முரளிதரனின் தூஸ்ராவைச் சொன்னால் உடனே பிடிபடும்: எந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்டர் நினைக்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து. இடக்கை பிட்சரின் வழக்கமான வளைபந்து வலக்கை பேட்டரை நோக்கி உள்ளே வரும். ஸ்க்ரூபால் வெளியே நழுவும். இதற்கு மணிக்கட்டை இயல்புக்கு மாறாகத் திருப்ப வேண்டும். அதனாலேயே பெரும்பாலோர் இதன் பக்கம் போவதில்லை. அவரது வேகம் சுமார்தான் என்பதால், டாட்ஜர்ஸ் நிர்வாகம் பாபி கஸ்டியோ என்ற சக பிட்சரிடம் சொல்லி 1979-இல் இதைக் கற்றுக்கொடுக்க வைத்தது. வேகத்தை மாற்றி மாற்றி இரண்டு விதமாக அதை எறிகிற அளவுக்குப் பையன் தேறிவிட்டான்.

என் அப்பா கிரிக்கெட் ஆள். முதன்முதலாக டிவியில் பார்த்தபோது, "கையை மடக்கி எறிகிறானே, எல்லாமே நோ-பால்தானே!" என்றார். ஒரு மாதத்தில் அவரே செய்தித்தாளில் பெர்னாண்டோ எறியும் நாளைத் தேடி வட்டம் போட ஆரம்பித்தார். நாங்கள் குடியிருந்தது லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பக்கம். தெருவில் பாதிக்கு மேல் மெக்சிகோக்காரர்கள். அவர் எறியும் மாலைகளில் வீட்டுக்கு வீடு ஹைமே ஹரீனின் ஸ்பானிய வானொலி வர்ணனை கேட்கும். பத்திரிகையாளர் சந்திப்புகளில் பெர்னாண்டோவுக்கு மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தவரும் ஹரீன்தான். ஆங்கிலம் தெரியாத ஒருவரின் வாயைப் பார்த்துக்கொண்டு இத்தனை ஆங்கில நிருபர்கள் காத்திருக்கிறார்களே என்று, வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று திண்டாடிக்கொண்டிருந்த எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

இதன் பின்னணி அப்போது எனக்குத் தெரியாது. டாட்ஜர்ஸ் ஸ்டேடியம் இருக்கும் சாவேஸ் ரவீன் மேட்டில் முன்பு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள்தான் அதிகம் வாழ்ந்தன. அரசுக் குடியிருப்பு கட்டப்போவதாகச் சொல்லி 1950-களில் அவர்களைக் கிளப்பினார்கள். குடியிருப்புத் திட்டம் கைவிடப்பட்டு, இடம் கடைசியில் ப்ரூக்ளினிலிருந்து வந்த டாட்ஜர்ஸ் கைக்குப் போனது. கடைசிக் குடும்பங்களை 1959-இல் போலீஸ் வைத்து வெளியேற்றினார்கள். 1962-இல் ஸ்டேடியம் திறந்தது. அந்த மைதானத்தில் கால் வைக்க மாட்டேன் என்று இருந்த பெரியவர்கள் பலர். அவர்களையும் பேரப்பிள்ளைகளோடு உள்ளே கூட்டிவந்தவர் பெர்னாண்டோ. எந்தப் புள்ளிவிவரப் பட்டியலில் இதை ஏற்றுவது?

சீசன் நடுவில் வீரர்கள் வேலைநிறுத்தம், ஏறக்குறைய இரண்டு மாதம் ஆட்டமே இல்லை. முதல் எட்டு வெற்றிக்கு அப்புறம் அவருக்கு 5 வெற்றி, 7 தோல்வி. ஆக 13-7. இருந்தாலும் சிறந்த புதுமுக விருது, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டையும் ஒரே வருடத்தில் வாங்கினார். அவருக்கு முன்னும் பின்னும் இதை வேறு யாரும் செய்ததில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் பெரிய ஆட்டம் அவர் மோசமாக எறிந்த ஆட்டம்தான். அக்டோபர் 23, கோப்பைக்கான இறுதித் தொடராகிய உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் டாட்ஜர்ஸ் ஏற்கெனவே இரண்டு தோற்றிருந்தது. அன்று ஸ்க்ரூபால் சொன்னபடி கேட்கவில்லை. எதிரணி அடித்துத் தளம் சேர்ந்த ஹிட் ஒன்பது, தவறான பந்துகளால் சும்மாவே தளம் கொடுத்த வாக் ஏழு. மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் நான்கு ரன் போய்விட்டது. மானேஜர் டாமி லசோர்டா மாற்றிவிடுவார் என்று ஊரே காத்திருக்க, அவர் மாற்றவில்லை. அதற்கப்புறம் யாங்கீஸுக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் மேலே எகிறிய பந்து ஒன்றை டாட்ஜர்ஸின் ரான் சே பாய்ந்து பிடித்து இரண்டு பேரை அவுட்டாக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிட்டத்தட்ட 150 பந்து எறிந்து 5-4 என்று ஜெயித்துக் கொடுத்தார். அப்போது அவருக்கு இருபத்தொன்று ஆக ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் பாக்கி. அடுத்த மூன்று ஆட்டங்களும் டாட்ஜர்ஸுக்கே, கோப்பையும்தான்.

இனி அந்த "ஒரு வருட" விஷயம். 1982-இல் 19 வெற்றி. 1985-இன் தொடக்கத்தில் 41 இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் ஒரு ரன் ஏறவில்லை. 1986-இல் 21 வெற்றி. அந்த வருடம் நட்சத்திர வீரர்கள் மட்டும் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் அடுத்தடுத்து ஐந்து பேரைப் பந்தை ஆட்டத்துக்குள் அடிக்க விடாமல் ஸ்ட்ரைக் அவுட் செய்து 1934-இல் கார்ல் ஹப்பல் வைத்த சாதனையைத் தொட்டார். ஹப்பலும் இடக்கை, அவருக்கும் ஸ்க்ரூபால்தான் பிழைப்பு. அதே சீசனில் 20 ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை தானே எறிந்தார். அந்த எண்ணை அதன் பிறகு யாரும் தொடவில்லை, இன்றைய பேஸ்பாலில் தொடவும் விட மாட்டார்கள். 1982 முதல் 1987 வரை ஆறு சீசனிலும் 250 இன்னிங்ஸுக்கு மேல். இன்று 200-ஐத் தொடுபவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம்.

லசோர்டா அவரைப் பிழிந்து எடுத்துவிட்டார் என்பது என் எண்ணம். ஸ்பானிய மொழியில் கொஞ்சிப் பேசியே பிழிந்தார். 1988-இல் தோள் போனது. அந்த வருடம் டாட்ஜர்ஸ் மறுபடி உலகத் தொடரை வென்றபோது பெர்னாண்டோ வெறும் பார்வையாளர். ஆள் முடிந்தார் என்று எல்லோரும் எழுதினார்கள். 1990 ஜூன் 29 அன்று செயின்ட் லூயிஸ் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். கடைசியாக எதிரே நின்றவர் 1981 கோப்பை அணியின் பழைய தோழர் பெட்ரோ கெரேரோ. அடுத்த வசந்தத்தில், சீசன் தொடங்கும் சமயத்தில் டாட்ஜர்ஸ் அவரை அனுப்பிவிட்டது. அன்றைக்கு அந்த அணியின் தொப்பியைக் கழற்றிய நான் பல வருடம் திரும்பப் போடவில்லை.

அப்புறம் ஊர் ஊராக ஐந்தாறு அணிகள். 1996 ஆகஸ்டில் மெக்சிகோவின் மான்டெரேயில் பெரிய லீகின் முறையான ஆட்டம் முதன்முறையாக நடந்தபோது, சான் டியாகோ அணிக்காகப் பந்து எறிந்து ஜெயித்தவர் பெர்னாண்டோ. உங்கள் கட்டுரையாளரின் கணக்குப்படி அவர் முடிந்துபோய்ப் பதினைந்து வருடம் ஆகியிருக்க வேண்டும்.

மொத்தக் கணக்கு 173 வெற்றி, 153 தோல்வி. அதை மட்டும் வைத்துப் புகழரங்கத்தில் சேர்க்கச் சொல்லி என்னாலும் அடித்துப் பேச முடியாது. 2004-இல் ஐந்து சதவீத வாக்குகூடக் கிடைக்காமல் பட்டியலிலிருந்து விழுந்தார். 2025 டிசம்பரில் கூடிய பதினாறு பேர் குழுவிலும் ஐந்து வாக்கு தேறவில்லை. அவர்கள் தீர்ப்பு அவர்களோடு. டாட்ஜர்ஸ் மட்டும் புகழரங்கத்தில் இல்லாதவருக்குச் செய்வதில்லை என்ற தன் வழக்கத்தைத் தளர்த்தி, 2023 ஆகஸ்டில் அவருடைய 34-ஆம் எண்ணை இனி வேறு யாரும் அணியாதபடி அதற்கு ஓய்வு கொடுத்தது. அடுத்த வருடம் அக்டோபர் 22 அன்று, 63 வயதில், அவர் காலமானார். மூன்று நாள் கழித்து உலகத் தொடர் தொடங்கியது. மறுபடியும் டாட்ஜர்ஸ், மறுபடியும் யாங்கீஸ். வீரர்கள் சட்டைக் கையில் 34 என்று அணிந்து ஆடினார்கள், ஜெயித்தார்கள்.

இன்னொரு விஷயம். கட்டுரையோடு வந்த படத்தின் கீழே "வலக்கை பிட்சர்" என்று அச்சாகியிருக்கிறது. மேலே சொன்னதையெல்லாம் வெளியிட இடமில்லை என்றாலும் பரவாயில்லை, அதற்காவது அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
லாஸ் ஏஞ்சலஸ்