துறைமுகத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனை வைத்ததுமே அப்பா பழைய அட்லஸை எடுத்து ஊஞ்சலில் விரித்துவிட்டார். திருக்கடையூரில் பீமரத சாந்தியை முடித்த கையோடு எல்லோருமாக ஒரு சொகுசுக் கப்பலில் மத்தியதரைக் கடலைச் சுற்றி வரலாம் என்று நீ சொன்னதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் "இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால்தான் இந்த விலையாம்" என்று நீ சொன்னாயே, அப்போதுதான் எனக்குப் பக்கென்றது. 2023 செப்டம்பரில் நாங்கள் இரண்டு பேரும் போனபோதும் ஏஜென்ட் இதையேதான் சொன்னார். அவசரப்பட்டுக் கட்டினோம். அந்தச் சலுகை அடுத்த மாதமும் இருந்தது, அதற்கடுத்த மாதமும் இருந்தது. போனில் பேச ஆரம்பித்தால் குட்டி நடுவில் வந்துவிடுவான், பேச்சு பாதியில் நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கட்டு.

முதலில் துறைமுகம். எங்கள் கப்பல் கிரீஸில், ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கிளம்பி வெனிஸில் முடியும் என்று போட்டிருந்தது. மேல்தளத்தில் நின்றுகொண்டு வெனிஸ் நகரம் மெல்ல நெருங்கி வருவதைப் பார்க்கலாம் என்று பத்து நாளாக மனசில் வைத்திருந்தேன். கடைசி நாள் காலையில் ஜன்னல் திரையை விலக்கினால், நீளமாக ஒரு கான்கிரீட் மேடை, அதன் ஓரத்தில் வரிசையாகப் பஸ்கள். அவ்வளவுதான். அந்த ஊர் ரவென்னா. அங்கிருந்து வெனிஸ் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பெட்டிகளோடு பஸ்ஸில் ஏறி இரண்டரை மணி நேரம் போனோம். அப்பா ஒன்றுமே பேசவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். 2021 ஆகஸ்டிலிருந்தே 25,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் வெனிஸின் நடுக் கால்வாய் வழியாக வரக்கூடாது என்று இத்தாலி அரசு தடை போட்டுவிட்டது. நகரத்தின் அஸ்திவாரத்தையும் காயலையும் காப்பாற்றச் செய்தது, நியாயமான காரியம். ஆனால் விளம்பரத்தில் வெனிஸ் என்ற பெயர் மட்டும் பெரிய எழுத்தில் அப்படியே நிற்கிறது. ரவென்னா என்பது கீழே பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை.

இது வெனிஸோடு முடிகிற விஷயமில்லை. ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிடவேக்கியாவில், ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். புளோரன்ஸ் என்றால் லிவோர்னோ. பாரிஸ் என்றால் லே ஹாவ்ர், அங்கிருந்து பாரிஸ் 200 கிலோமீட்டர் இருக்கும். காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிற கப்பலில், போக வர நாலைந்து மணி நேரம் சாலையிலேயே போனால் ஊரைப் பார்க்க என்ன மிச்சம் இருக்கும்? அதனால் பயணத்திட்டத்தில் ஒவ்வொரு ஊருக்கும் எதிரே கப்பல் நிஜமாக நிற்கும் இடம், வரும் நேரம், கிளம்பும் நேரம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்.

இன்னொன்றும் கேள். கப்பல் கரையோடு அணைந்து நிற்குமா, நடுக்கடலில் நங்கூரம் போட்டுப் படகில் இறக்குவார்களா? கிரீஸின் சான்டோரினி தீவில் எங்களைப் படகில்தான் இறக்கினார்கள். டெண்டர் என்கிறார்கள் அந்தப் படகை. கப்பலின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதற்கு வெளியே படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள் நின்று, "இப்போது" என்று சொல்லும் நொடியில் முழங்கையைப் பிடித்துத் தூக்கி வைக்கிறார்கள். நான் புடவையில் போயிருந்தேன். கொசுவம் காலில் மாட்டி, ஒரு நொடி உயிரே போய்விட்டது. படகு நாள்களில் நீயும் சுடிதார்தான் போட வேண்டும், சொல்லிவிட்டேன். கரையில் இறங்கினால் ஊர் செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது. ஏறுவதற்குக் கேபிள் கார் உண்டு. இல்லையென்றால் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், கோவேறு கழுதைச் சாணத்தோடு. அன்றைக்கு நான்கு கப்பல்கள் ஒன்றாக வந்து நின்றதால் கேபிள் கார் வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் நின்றோம். அப்பாவின் முழங்கால் இப்போது அன்றைக்கு இருந்ததைவிட மோசம். அதனால் படகில் இறக்கும் ஊர் ஒன்றுக்கு மேல் இருக்கிற திட்டம் நமக்கு வேண்டாம். ஒரே நாளில் எத்தனை கப்பல் ஓர் ஊருக்கு வருகிறது என்பதைத் துறைமுகங்களின் அட்டவணையில் முன்கூட்டியே பார்க்கலாம். மாப்பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் தேடித் தருவார். 2025 ஜூலையிலிருந்து சான்டோரினி, மிக்கோனோஸ் தீவுகளில் கப்பல் பயணிகளுக்கு வரியும் வந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளுக்கு 20 யூரோ. விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

அடுத்தது விசா. இதில்தான் எங்கள் பயணமே நின்றுபோகப் பார்த்தது. ஏதென்ஸில் இறங்கும்போது ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்குள், ஒருமுறை நுழைகிறோம். கப்பல் குசாதாசிக்குப் போனால் அது துருக்கி, ஷெங்கனுக்கு வெளியே. அங்கிருந்து கிரீஸின் கோர்ஃபூ தீவுக்கு வந்தால் இரண்டாவது நுழைவு. அப்புறம் மான்டெனீக்ரோவில் கோட்டோர், மறுபடி வெளியே. அங்கிருந்து குரோவேஷியாவின் துப்ரோவ்னிக், 2023 ஜனவரியிலிருந்து அதுவும் ஷெங்கன், ஆக மூன்றாவது நுழைவு. எங்களுக்கு வந்த விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தில் 01 என்று இருந்தது, அதாவது ஒரே ஒரு முறைதான் நுழையலாம். ஏஜென்ட் பார்க்கவே இல்லை, "விசா வந்தாச்சு சார்" என்று ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். அப்பாதான் ராத்திரி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் கண்டுபிடித்தார். கிளம்ப மூன்றே வாரம். மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி சென்னைக்கு அலைச்சல். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால்தான் புது விசா கைக்கு வந்தது. அந்த மூன்று வாரமும் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை.

உங்களுக்கும் இது பொருந்தும். கிரீன் கார்டு இருந்தாலும் உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதும் இந்தியப் பாஸ்போர்ட்தானே, ஷெங்கன் விசா எடுத்தாக வேண்டும். குட்டிக்கு மட்டும் அமெரிக்கப் பாஸ்போர்ட் என்பதால் தேவையில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூன் மாதப் பயணம் என்றால் ஜனவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் தேட ஆரம்பித்துவிட வேண்டும், கோடையில் இடமே கிடைக்காது. விண்ணப்பத்தோடு கப்பலின் முழுப் பயணத்திட்டத்தையும் வைத்து, பலமுறை நுழைவு வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும்.

கேபின் விஷயத்துக்கு வருகிறேன். தள வரைபடத்தைப் பார்க்காமல் கேபின் எடுக்காதே. எங்களுக்குக் கிடைத்தது நல்ல பால்கனி அறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேல் சாய்வு நாற்காலிகளைக் கரகரவென்று இழுத்து அடுக்குவார்கள். பத்து நாளும் அந்தச் சத்தத்தில்தான் எழுந்தோம். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற மாதிரி, கப்பலின் நடுப்பகுதியில், கொஞ்சம் கீழ்த்தளத்தில் பார். ஆட்டமும் அங்கேதான் குறைவு. விலை குறைவென்று, அறை எண்ணைப் பிறகு தருகிறோம் என்று சொல்லும் திட்டத்தில் விழுந்துவிடாதே. நாம் பக்கத்துப் பக்கத்து அறைகள் கேட்கப்போகிறோம், உள்கதவு உள்ள ஜோடி அறைகள் எந்தக் கப்பலிலும் கொஞ்சம்தான் இருக்கும்.

விலையைப் பற்றி என் மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய அந்தச் சின்னச் சொகுசுக் கப்பலில் எல்லாம் அடக்கம் என்று போட்டிருக்கிறது. எல்லாம் என்பதில் பெரிய பங்கு மது. நம் வீட்டில் யாருமே தொடுவதில்லை, அதற்கும் சேர்த்துத்தான் நீ பணம் கட்டப்போகிறாய். அதோடு அந்த மாதிரிக் கப்பலில் குழந்தைகளுக்கென்று தனி இடம் பெரும்பாலும் இருக்காது. எங்கள் கப்பலில் 700 பேர், அதில் ஒரே ஒரு குழந்தை. பாவம், பத்து நாளும் அது அம்மாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு வயசுப் பையனை அப்படி உட்கார வைக்கவா இவ்வளவு செலவு? அதே பணத்துக்குக் கொஞ்சம் பெரிய கப்பலில், குழந்தைகள் விளையாடும் இடத்தோடு, விசாலமான பால்கனி அறையே கிடைக்கும். அதில் டிப்ஸ், இன்டர்நெட், துறைமுகக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக ஏறும். எல்லாவற்றையும் கூட்டிவிட்டு அப்புறம் இரண்டையும் ஒப்பிடு.

சித்தியையும் கூப்பிடலாம் என்றாய். சித்தப்பா போனதிலிருந்து அவள் எங்கேயும் போகவில்லை, அவசியம் கூப்பிட வேண்டும். ஆனால் போடுகிற விலையெல்லாம் ஓர் அறையில் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு இவ்வளவு என்கிற கணக்கு. தனி அறை என்றால் பல கப்பல்களில் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கான பணத்தையும் வாங்கிவிடுவார்கள். அவளிடம் இதைச் சொன்னால் வரவே மாட்டாள். நானும் சித்தியும் ஓர் அறையில் இருந்துகொள்கிறோம், குட்டி தாத்தாவோடு படுத்துக்கொள்ளட்டும். அவனுக்கும் அதுதான் பிடிக்கும்.

கடைசித் தவணை கட்டும் தேதி, ரத்து செய்தால் எந்தத் தேதிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது, இரண்டையும் காலண்டரில் குறித்துவை. அந்தத் தவணைக்கு முன்னால் விலை இறங்கினால் கேட்டால் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். நாம்தான் கேட்க வேண்டும், அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். பயணக் காப்பீட்டை முன்பணம் கட்டின கையோடு எடுத்துவிடு, அப்பாவின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதி எடு. கப்பல் டாக்டர் ஒரு தடவை பார்த்தாலே டாலரில் பில் வரும்.

கப்பல் கிளம்பும் நாளன்று போய் இறங்குவது என்ற பேச்சே வேண்டாம். எங்கள் ஏஜென்ட் அன்று காலையில் இறங்கும் விமானத்தைத்தான் போட்டுக் கொடுத்தார். அப்பா பிடிவாதமாக இரண்டு நாள் முன்னதாக மாற்றினார். போய் இறங்கினால் பெரிய பெட்டி வரவில்லை, மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. அன்றைக்கே கப்பல் என்றால் பத்து நாளும் உடுத்திய துணியோடுதான். கப்பல் யாருக்காகவும் நிற்காது. ஊர் பார்க்கப் போகும்போதும் அப்படித்தான். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய் வண்டி தாமதமானால் காத்திருப்பார்கள், நாமாக டாக்ஸி பிடித்துப் போனால் மாட்டார்கள். தொலைவான ஊர்களுக்கு, விலை கூடுதலானாலும், கப்பல்காரர்கள் ஏற்பாட்டிலேயே போவோம். குசாதாசியிலிருந்து எஃபெசஸ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகள் இருபது கிலோமீட்டருக்குள்தான், அதற்கு நாமே வண்டி வைத்துக்கொள்ளலாம்.

கப்பலில் ஏறும்போது பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறைக்கு வந்து சேர மணிக்கணக்காகும். அப்பாவின் மாத்திரைகளை நான் பெட்டியில் வைத்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியது, பெட்டி வந்தது மாலை ஆறு மணிக்கு. தாழ்வாரத்தில் வருகிற ஒவ்வொரு தள்ளுவண்டியையும் ஓடி ஓடிப் பார்த்தேன். இந்த முறை மாத்திரை, கண்ணாடி, குட்டிக்கு ஒரு செட் துணி எல்லாம் கைப்பையில்தான். எலெக்ட்ரிக் கெட்டிலும் சின்ன ரைஸ் குக்கரும் வேண்டவே வேண்டாம். தீ விபத்து பயத்தில் ஸ்கேனரிலேயே எடுத்துவைத்துவிட்டு இறங்கும்போதுதான் தருவார்கள். சாப்பாட்டுக்குப் பயப்படாதே. மரக்கறி மட்டும், மீனும் முட்டையும் இல்லை என்று பதிவு செய்யும்போதே எழுதிவிடு, முதல் ராத்திரியே சாப்பாட்டுக் கூடத் தலைமைப் பணியாளரிடமும் நேரில் சொல். எங்கள் கப்பல் சமையலறையில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார். மூன்றாம் நாளிலிருந்து எங்களுக்கென்று பருப்பும் சாதமும் வந்தது. அப்பா அந்தப் பருப்பில் நம் வீட்டு நெய் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு கண்ணை மூடிச் சாப்பிட்டார். பருப்புப்பொடி நான் அரைத்து எடுத்து வருகிறேன்.

ஏறின அன்றே பாதுகாப்புப் பயிற்சி வைப்பார்கள். குட்டியையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் போக வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. நம் அறைக்கு எந்தப் படகு, எந்தப் படிக்கட்டு என்று ஒருதடவை நடந்தே பார்த்துவிடுவோம்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். கப்பல் நகர்ந்ததும் போனை ஃபிளைட் மோடில் போடு, கடலில் பிடிக்கும் சிக்னலுக்குக் கன்னாபின்னாவென்று பணம் போகும். கப்பலில் ஆகும் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதே, பணத்தை முடக்கி வைத்துவிட்டு விடுவிக்க நாளாகும். விருந்து ராத்திரிக்கு உனக்குத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம், உன் கல்யாண அரக்குப் பட்டை எடுத்து வருகிறேன். போன தடவை நான் பச்சைக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது, பக்கத்து மேஜை ஆஸ்திரேலிய அம்மாள் எழுந்து வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தப் பயணத்தில் மறக்க முடியாதது கோட்டோர். விடிகிற நேரத்தில் இரண்டு பக்கமும் மலை, நடுவில் சத்தமே இல்லாமல் கப்பல் உள்ளே போகிறது. அப்பா பால்கனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். "பாப்பா இருந்திருக்கலாம்" என்று அப்போது ஒரு தடவை சொன்னார். அதனால் நீ பார்க்கிற திட்டத்தில் எந்த ஊரை விட்டாலும் அதை விடாதே.

பயணத்திட்டத்தையும் தள வரைபடத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். அதுவரைக்கும் அந்த முன்பணத்தைக் கட்டிவிடாதே.

அன்புடன்,
அம்மா